நான் நேராக்கிய பல்

மனிதனுடைய வாயைப் போல அருவருப்பான இடம் வேறொன்று கிடையாது. இருபது வருடத்துக்கு மேல் அதை வைத்தே சோறு தின்றவன் சொல்கிறேன், நம்பலாம்.

நான் பல் கட்டுபவன். பல் டொக்டர் இல்லை. டொக்டர் வாய்க்குள் கை விடுவார். நான் அந்த வாயின் அச்சை மேசையில் வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பேன். ஆளை நான் பார்ப்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் அச்சு வரும், எச்சிலும் சில நாட்களில் இரத்தமும் ஒட்டியபடி. அதைக் கழுவிச் சாந்து ஊற்றி இறுகவிட்டால், வெள்ளை வெளேரென்று ஒரு வாய் என் முன்னால் உட்கார்ந்திருக்கும். எத்தனை பெரிய மனிதர்களின் வாயெல்லாம் எப்படிக் கிடக்கிறதென்று எனக்குத் தெரியும். மனிதர்மேல் எனக்கிருந்த மரியாதையில் பாதி அந்தக் கழுவு தொட்டியோடு போய்விட்டது.

2009இல் என் லேப் லண்டனில், டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இருந்தது. கருவாட்டு மணமும் கறிவேப்பிலை மணமும் படி ஏறி வரும். அதற்கு முன்னால் பதினாறு வருடம் ஜெர்மனியில் இருந்தேன். தொழில் படித்தது அங்கேதான். பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கட்டும் என்று எல்லோரையும் போல நாங்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தோம். ஜெர்மனியில் எனக்குத் தொழில் பழக்கிய கிழவர் ஒரு கோணல் பல்லையும் மேசையை விட்டு இறங்க விடமாட்டார். அடிமட்டம் வைத்துப் பார்ப்பார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஏற்கனவே நான் அப்படி வளர்ந்தவன்தான். யாழ்ப்பாணத்தில் எங்கள் மாதா கோயில் பாண்டில் பதினேழு வயதுவரை, ட்ரம்பெட்டின் தம்பி போன்ற கோர்னெட் வாசித்தேன். பாண்ட் மாஸ்டர் ஒரு பிரம்பு வைத்திருப்பார். சுருதி பிசகினால் விரல் மொளியில் விழும். அந்த அடியால்தான் எனக்குச் சங்கீதம் தெரியும் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

அந்த வருடம் மாசி மாதத்தில், இரண்டு கடை தள்ளிப் பல் வைத்தியம் செய்யும் டொக்டர் என்னைக் கூப்பிட்டாள். யாழ்ப்பாணத்துப் பெண். என்னை அண்ணை என்றுதான் அழைப்பாள்.

“அண்ணை, ஒரு ஆளை உங்களிட்ட அனுப்பிறன். அமெரிக்கன். ட்ரம்பெட் வாசிக்கிறவராம். மேல் முன்பல் நாலும் ஆடுது, கழட்டத்தான் வேணும். சித்திரை கடைசியில கச்சேரியாம், அதை ரெக்கோர்ட் பண்ணப்போயினமாம். இருந்த பல்லு எப்பிடி இருந்திச்சோ அப்பிடியே வேணுமாம்.”

“அதுக்கேன் ஆளை அனுப்பிறியள்? அச்சை அனுப்புங்கோ, காணும்.”

“நான் சொல்லிப் பாத்திட்டன். தானே வந்து சொல்லப்போறாராம். ஒருக்கா மட்டும் அண்ணை.”

வந்தவர் எழுபது கடந்த கறுப்பர். உயரம். பனிக்காலக் கோட்டுக்கு மேல் இன்னொரு கோட்டு. படி ஏறிய களைப்பில் என்னுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். என் கருவிப் பெட்டியில் ஒட்டியிருந்த ஜெர்மன் எழுத்தை வாசித்துவிட்டு, ஜெர்மன் மொழியில் பேசத் தொடங்கினார். அவரும் அங்கே எட்டு வருடம் இருந்தவராம். ஒரு அமெரிக்கனும் ஒரு யாழ்ப்பாணத்தானும் டூட்டிங்கில் கருவாட்டுக் கடைக்கு மேலே இருந்து ஜெர்மன் பேசினோம். அவர் முதல் வார்த்தையிலிருந்தே என்னை ‘நீ’ என்றார். நான் கடைசிவரை ‘நீங்கள்’ என்றேன்.

வாயைத் திறந்து காட்டினார். கேட்காமலே திறந்து காட்டினார், அதுதான் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பல்லைப் பிடிக்கும் முரசுச் சதை வீங்கி, பல்லெல்லாம் புகையிலைக் கறை. நடுவில் இரண்டு முன்பல்லுக்கும் இடையில் ஒரு காசு நுழையும் இடைவெளி. இடது பல் முன்னால் தள்ளிப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அந்தப் பல்லில் விரலை வைத்தார்.

“இது எனக்குப் பதினான்கு வயதில் வந்தது. பள்ளிக்கூட பாண்டில் ஒரு நாள் தாளில் இல்லாத ஒரு சுரத்தை வாசித்தேன். நான் ஊதிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் வந்து ட்ரம்பெட்டின் விரிந்த முனையில் கையால் ஓங்கிக் குத்தினான். பல் திரும்பிவிட்டது. ஒரு வருடம் வாசிக்க முடியவில்லை. பிறகு ஊதிப் பார்த்தால் வேறு சத்தம் வந்தது. அதுதான் என்னுடைய சத்தம். உனக்குப் புரிகிறதா?”

புரிகிறது என்றேன். மாஸ்டர் செய்தது சரி என்றுதான் மனதுக்குள் பட்டது.

அவர் போகிற பாடாக இல்லை. தன்னுடைய கதையைச் சொன்னார். இரும்பாலைகள் இருந்த ஒரு ஊரில் பிறந்தவர். தகப்பன் இறைச்சித் தொழிற்சாலையில் மாடு உரித்தவர். இருபத்திரண்டு வயதில் நியூயோர்க்குக்குப் போனார். பகலில் தபால் பிரிக்கும் வேலை, மாலையில் பழைய பண்டகசாலைகளின் மாடியில் வாசிப்பு. மெட்டு, தாளம், சுருதி ஒன்றையும் பிடித்துத் தொங்க வேண்டாம், ஆளை ஆள் கேட்டுக்கொண்டு அந்த நேரத்தில் வருவதை வாசிப்போம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. ஃப்ரீ ஜாஸ் என்று அதற்குப் பெயர். கேட்க வந்தவர்கள் பத்துப் பேர், பாதியில் எழும்பிப் போனவர்கள் ஏழு பேர் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆறு பேர் ஒரே மூச்சில் வாசித்த ஒரு இசைத்தட்டு வெளிவந்தது. கடைக்காரர்கள் பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினார்கள். பிறகு பாரிஸ். பிறகு ஜெர்மனி. கடைசியில் ஒரு பெண்ணுக்குப் பின்னால் லண்டனுக்கு வந்தார்; அவள் செத்துப்போனாள், இவர் ஸ்ட்ரெதமில் மாநகரசபை கொடுத்த ஒரு கவுன்சில் வீட்டில் தங்கிவிட்டார். இருபது வருடமாக ஒருவரும் இவரைத் தேடவில்லை. இப்போது சில இளம் பிள்ளைகள் அந்தப் பழைய தட்டைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டு, இவரைக் கொண்டு கச்சேரி வைக்கிறார்கள்.

“இதோடு சரி. எனக்கு இன்னொன்று கிடைக்காது” என்றார். “பல்லைக் கழட்டாவிட்டால் வாசிக்க முடியாது. கழட்டினால் நீ செய்து தருவதை வைத்துத்தான் வாசிக்க வேண்டும். ஆகவே இதைக் கேள். என்ன செய்கிறாய் என்று உனக்குத் தெரிய வேண்டும்.”

அந்தப் பழைய தட்டை ஒரு சீடியில் பதிந்து கொண்டுவந்திருந்தார். பேசப் பேச அந்த இடைவெளியால் எச்சில் தெறித்து என் மேசையில் விழுந்தது. அவர் போனதும் மேசையை ஸ்பிரிட் போட்டு இரண்டு தரம் துடைத்தேன்.

வீட்டில் சீடியைப் போட்டேன். போட்டிருக்கவே கூடாது. முதலில் யாரோ மூச்சு வாங்குவது போல ஒரு சீறல். பிறகு ட்ரம்பெட் ஒரு சுரத்தைப் பிடிக்கும் என்று காத்திருந்தேன், அது பிடிக்கவில்லை. கீறிக்கொண்டு மேலே போனது, உடைந்தது, உடைந்த இரண்டும் வேறு வேறு பக்கம் போயின. இடையில் எச்சில் கொதிக்கும் சத்தம். பாண்டில் இருந்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். குழாயில் நீர் தேங்கினால் வரும், உடனே தட்டி ஊற்றிவிட வேண்டும். இந்த மனுசன் அதை ஊற்றாமல் வைத்துக்கொண்டு வாசிக்கிறார்.

மனைவி குசினிக்குள் இருந்து வந்தாள். “இதென்னப்பா, ஆட்டை அறுக்கிற மாதிரிக் கத்துது? நிப்பாட்டுங்கோ. இருக்கிற தலையிடி காணாதே?”

அவளுக்கு இருந்த தலையிடி எல்லோருக்கும் தெரிந்தது. அவளுடைய அண்ணை குடும்பத்தோடு, சண்டை நடந்த வன்னியில் இருந்தார். தை மாதத்திலிருந்து போன் இல்லை. காலையில் ஷிப்ட் முடித்துக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால் இருப்பாள். சித்திரையில் எங்கள் சனம் பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடியபோது வேலை முடிந்த கையோடு அங்கே போய்விடுவாள். நானும் இடைக்கிடை போனேன். நான்கு மாதம் அந்த வீட்டில் ஒருவரும் உரத்துப் பேசவில்லை. சத்தமே ஆகாது என்றிருந்த வீட்டில் நான் ஆடறுக்கும் சத்தத்தைப் போட்டிருக்கிறேன். சீடியைக் கழற்றிக் காரின் பெட்டிக்குள் எறிந்தேன்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் தொழில் விளக்கம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல் கழட்டுகிற அன்றே பொய்ப்பல்லைப் போட வேண்டுமென்றால், பல் இருக்கும்போதே அச்சு எடுப்பார்கள். அந்த அச்சில் நான் ஊற்றிய சாந்து வாயில் பழைய பல் அப்படியே இருக்கும். அந்தச் சாந்துப் பல்லை ஒவ்வொன்றாகக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில், அதே சாய்வில், பொய்ப்பல்லை மெழுகில் நிறுத்த வேண்டும். வெட்டிய பல் போனது போனதுதான்; சாந்தைக் கழற்றும்போதே அச்சும் கிழிந்துவிடும். அதனால் வெட்டுமுன் அந்தச் சாந்து வாயை இன்னொரு பிரதி எடுத்து வைப்பார்கள். கால் மணி நேர வேலை. டொக்டர் துண்டில் எழுதியும் அனுப்பியிருந்தாள்: இடைவெளி, திரும்பிய பல், எல்லாம் இருந்தபடியே.

நான் பிரதி எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. அந்த வாயைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரித்தது. நான்கு பல்லையும் வெட்டினேன். பிறகு நான்கு அழகான பல்லை எடுத்து, ஒரு கோட்டில், இடைவெளி இல்லாமல், அடிமட்டம் வைத்துப் பார்த்து நிறுத்தினேன். நம் சனத்துக்குக் கலியாண வீட்டுப் படத்துக்குச் செய்து கொடுக்கும் பல் அது. கண்ணாடி போல மினுக்கினேன். கிழவர் சிரித்தால் பத்து வயது குறையும் என்று எனக்கு ஒரே சந்தோசம். இப்படிப் பல் இருந்தால் அந்த மனுசன் ஒழுங்காக வாசிக்கவும் பழகிவிடுவார் என்றும் நினைத்தேன். ஓம், அதையும் நினைத்தேன். இதை எழுதும்போது என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பல்லைப் போட்டு இரண்டு கிழமையில் டொக்டர் கூப்பிட்டாள்.

“அண்ணை, அந்த அமெரிக்கன் வந்து நிக்கிறார். தன்ர சத்தம் வருதில்லையாம். காத்துப் போற இடமெல்லாம் அடைபட்டுப் போச்சாம். பழைய அச்சை ஒருக்கா எடுத்துப் பாருங்கோவன்.”

“அச்சின்படிதான் செய்தனான் தங்கச்சி.”

“எனக்கெண்டா கொஞ்சம் நேராக் கிடக்கிற மாதிரித் தெரியுது.”

“முரசு வத்தினா அப்பிடித்தான் தெரியும். பழகச் சொல்லுங்கோ. புதுச் செருப்பும் கடிக்கும்தானே.”

வாய் கூசாமல் சொன்னேன். அவள் என்னை நம்பினாள். ஐந்தாறு வருடமாக என் வேலையில் ஒரு பிழை கண்டதில்லை, நம்பாமல் என்ன செய்வாள்? அவர் இன்னொரு தரமும் வந்தார். அவருக்கும் அதையே சொல்லி அனுப்பினாள். கச்சேரிக்கு அப்போது மூன்று கிழமை இருந்தது.

கச்சேரிக்கு எனக்கு ஒரு அழைப்பு வந்தது. சித்திரை கடைசி ஞாயிறு, பிற்பகல். கிழக்கு லண்டனில் ஒரு பழைய களஞ்சியத்தை மண்டபமாக்கியிருந்தார்கள். நூற்றைம்பது பேர் இருக்கும். எல்லோரும் தாடியும் கறுப்புக் கண்ணாடிச் சட்டமுமாக, செத்தவீட்டில் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒழுங்குசெய்த இளைஞன் மேடையில் ஏறி, கிழவரை ஏதோ தானே தோண்டி எடுத்த புதையல் போல அறிமுகப்படுத்தினான். அவர் பசியோடு இருந்த இருபது வருடத்தில் இந்தத் தாடிகள் எங்கே இருந்தன என்று கேட்க ஆளில்லை. அவர்களைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. என்னைப் பார்க்க எனக்கு இன்னும் எரிச்சல் வரவில்லை.

அவர் வாசித்தார். நான் பயந்தது நடக்கவில்லை. சீறல் இல்லை, கீறல் இல்லை, எச்சில் இல்லை. மெல்லிய, நேரான, சின்னச் சின்னச் சுரங்கள். ஒன்றை ஊதிவிட்டு நெடுநேரம் நிறுத்தினார். பின்னால் பாஸ் வாசித்தவனும் டிரம்ஸ் வாசித்தவனும் அவர் எங்கே போகப்போகிறார் என்று பார்த்துக் காத்திருந்தார்கள். அவர் எங்கும் போகவில்லை. போக முடியவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. சுருதி சுத்தம். என் பாண்ட் மாஸ்டர் இருந்திருந்தால் தலையாட்டியிருப்பார். இதல்லவா வாசிப்பு என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சனம் எழுந்து நின்று மூன்று தரம் கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள்.

முடிந்ததும் பின்பக்க நடையில் அவரைப் பார்த்தேன். வாழ்த்துச் சொல்லக் கையை நீட்டினேன். அவர் கையைக் கொடுக்கவில்லை. வாய்க்குள் விரலை விட்டுப் பல்லைக் கழற்றி, ஈரத்தோடு உள்ளங்கையில் வைத்து என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். மேல் உதடு உள்ளே போய்ச் சுருங்கிவிட்டது.

“இது யாருடைய வாய்?” என்று கேட்டார்.

“எழுந்து நின்று கைதட்டினார்களே” என்றேன். “இன்னும் என்ன வேண்டும்?”

“அவர்கள் உனக்குத்தான் கைதட்டினார்கள்.”

நன்றி கெட்ட மனுசன் என்று திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவியிடமும் சொன்னேன். அவள் காதில் அது ஏறவில்லை. அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் போன் வைகாசி நடுவில் வந்தது. காலை பத்து மணி. வவுனியா முகாமிலிருந்து அவளுடைய அண்ணி பேசினாள். ஒரு நிமிடம் கூட இருக்காது. அண்ணை செல் குண்டு விழுந்து செத்துப் பத்து நாளாகிவிட்டது; அங்கேயே கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு வந்தார்களாம்.

மனைவி போனை மேசையில் வைத்தாள். வாய் திறந்திருந்தது. முதலில் சத்தம் வரவில்லை, பல்லுக்கு இடையால் காற்று மட்டும் சீறிக்கொண்டு வந்தது. பிறகு குரல் கீறிக்கொண்டு மேலே போய் உடைந்தது. ஒன்று மேலே, ஒன்று கீழே, இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து. எச்சில் வழிந்தது. அதில் ஒரு சுருதியும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை. நான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படி நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தச் சத்தத்தை நான் ஏற்கனவே கேட்டிருக்கிறேன். கேட்டு, அருவருத்து, காரின் பெட்டிக்குள் எறிந்திருக்கிறேன்.

பின்னேரம் கோயில் ஆட்கள் வந்தார்கள். நல்ல சனம்தான், சோறு கறியெல்லாம் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒருவர் கீபோர்டும் கொண்டுவந்திருந்தார். மனைவி திரும்பக் குரலெடுத்தபோது, பாடகர் குழுவில் இருக்கும் ஒரு அம்மா அவளுடைய வாயை மெல்லப் பொத்தினார்.

“அழாதேங்கோ பிள்ளை. அக்கம் பக்கம் வெள்ளைக்காரர் இருக்கினம். செபம் சொல்லுவம், பாட்டுப் படிப்பம்.”

கீபோர்ட் சுரம் கொடுத்தது. எல்லோரும் படித்தார்கள், நான்கு குரலிலும், ஒரு பிசகில்லாமல். மனைவி வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். எனக்கு அந்தப் பாட்டு நஞ்சாக இருந்தது. எழுந்து போய் அந்தக் கீபோர்டின் வயரைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது. பிடுங்கவில்லை. அந்த அம்மாவை நான் எந்த வாயால் குறை சொல்வது? அவர் ஒருத்தியின் வாயைக் கையால்தான் பொத்தினார், கையை எடுத்தால் வாய் திறக்கும். நான் பிளாஸ்டிக்கால் அடைத்தவன்.

அடுத்த நாள் காருக்குள் இருந்து அந்தச் சீடியைக் கேட்டேன். முழுக்கக் கேட்டேன். பிடித்தது என்று சொன்னால் பொய். இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் அந்த மனுசன் என்ன சொல்கிறார் என்று விளங்கியது. அதை அந்தக் கோணல் பல்லும் இடைவெளியும் இல்லாமல் சொல்ல ஏலாது என்பதும் விளங்கியது.

ஆனி மாதம் அவருடைய வீட்டுக்குப் போனேன். ஐந்தாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. பல் இல்லாமல் சூப் குடித்துக்கொண்டிருந்தார். நான் கட்டிய பல் தண்ணீர்க் கிளாசில் கிடந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. ட்ரம்பெட் பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பிரதி எடுக்காததை, நேராக்கியதை, டொக்டரிடம் பொய் சொன்னதை.

அவர் கரண்டியை வைக்கவில்லை. “நேராக்கும்போது என்ன நினைத்தாய்?”

“உங்கள் இசை எனக்கு அருவருப்பாக இருந்தது. பல் நேரானால் வாசிப்பும் நேராகும் என்று நினைத்தேன்.”

அவர் சூப்பை முடித்தார். அவசரப்படவில்லை. வாயைத் துடைத்தார்.

“என் பாண்ட் மாஸ்டரும் இதைத்தான் நினைத்தான்” என்றார். “ஆனால் அவனுக்கு உன்னளவு கைத்திறமை இல்லை.”

திரும்பச் செய்து தருகிறேன் என்றேன். நினைவை வைத்துச் செய்கிறேன், பத்துத் தரமென்றாலும் செய்து பார்ப்போம் என்றேன். அவர் வாயைத் திறந்து காட்டினார், முதல் நாள் காட்டியது போலவே. முரசு ஆறி வழுவழுவென்று ஒரே மேடாகக் கிடந்தது. பல் இருந்த இடத்துக்கு ஒரு அடையாளமும் இல்லை.

“எதைப் பார்த்துச் செய்வாய்?”

அவர் ஒரு தாளும் பேனையும் எடுத்து என் முன்னால் போட்டார். உன் முழுப் பெயரையும் ஆங்கிலத்தில் எழுது, எழுத்துப் பிசகாமல் எழுது என்றார். முறைப்பாடு கொடுக்கப்போகிறார் என்று விளங்கிவிட்டது. கொடுக்கட்டும், என் லைசென்ஸைப் பிடுங்கட்டும், அதுவே நியாயம் என்று நினைத்தேன். தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். படி இறங்கும்போது, அந்த வருடத்தில் முதல் தரமாக, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

முறைப்பாடு வரவில்லை. கார்த்திகையில் ஒரு பார்சல் வந்தது. அந்தக் கச்சேரி சீடியாக வந்துவிட்டது. அட்டையில் அவருடைய படம். கைதட்டலுக்கு நடுவில் எடுத்தது. உதட்டைப் பின்னால் இழுத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். சிரிப்பு என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். நான்கு முன்பல்லும் ஒரு கோட்டில், கண்ணாடி போல. உள்ளே இருந்த சின்னப் புத்தகத்தில் ஒரு தாடி இரண்டு பக்கம் எழுதியிருந்தான். வாழ்நாள் முழுக்கக் கோபத்தோடு வாசித்த கலைஞர் முதுமையில் அமைதியைக் கண்டடைந்துவிட்டாராம், இதுதான் அவருடைய தலைசிறந்த வாசிப்பாம். அந்தத் தாளைக் கிழிக்கப் போன கை, அடுத்த பக்கத்தைப் பார்த்து நின்றது.

அடுத்த பக்கத்தில் வாசித்தவர்களின் பட்டியல். ட்ரம்பெட், அதற்கு எதிரே அவர் பெயர். பாஸ், டிரம்ஸ், அவற்றுக்கு எதிரே அந்த இருவர் பெயர். நான்காவது வரியில் ‘பல்’ என்று இருந்தது. அதற்கு எதிரே என் முழுப் பெயர், முதலெழுத்தோடு, ஒரு எழுத்தும் பிசகாமல்.

அவர் அதற்குப் பிறகு வாசித்ததாக நான் கேள்விப்படவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். அந்த ஆறு மாதத்தில் அவள் முகத்தில் முதல் தரமாக ஒரு வெளிச்சம்.

“இஞ்சேருங்கோ, உங்கட பேரெல்லோ போட்டிருக்கினம்! ஒரு சொல்லுச் சொன்னனீங்களே?”

ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். ஃபாதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாயைப் பொத்திய அம்மாவும் வந்து வாழ்த்தினார். ஏன் அப்படிப் போட்டார் என்று மனைவியிடம் நான் சொல்லவில்லை. வெளிச்சத்தை அணைக்க மனம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையில் எனக்குத் துணிவில்லை. அவள் அட்டையையும் அந்தப் பக்கத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டு, முன்னறையில் தன் அண்ணையின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. வீட்டுக்கு யாரும் வந்தால் அதைப் பார்த்துவிட்டுச் சீடியைப் போடச் சொல்வார்கள். மனைவி போடுவாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்பார்கள்.

“நல்ல அமைதியாக் கிடக்கு” என்பார்கள்.